வியர்வை நின்ற தோல்: மட்டாஞ்சேரி, பள்ளிப்புறம், மரோட்டி

1949ஆம் ஆண்டில் நியூயார்க்கின் குழந்தை மருத்துவர்களான கான்ராட் ரைலியும் ரிச்சர்ட் டேயும் உடன் பணியாற்றியோரோடு சேர்ந்து ஐந்து குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அக்குழந்தைகள் அழுதால் கண்ணீர் வருவதில்லை. சிறிது மனம் கலங்கினாலும் உடம்பு வியர்த்துக் கொட்டும். தோலில் திட்டுத்திட்டாகச் சிவப்புப் படரும். இரத்த அழுத்தம் திடீரென ஏறும். ஐவரும் யூதக் குழந்தைகள். கண்ணீர், வியர்வை, இரத்தக் குழாய்களின் சுருக்கம், இதயத் துடிப்பு என நம் விருப்பத்தைக் கேளாமல் இயங்கும் அனைத்தையும் ஆள்வது தானியங்கு நரம்பு மண்டலம். அம்மண்டலம் பிறவியிலேயே பழுதுற்றால் என்ன நேரும் என்பதை அந்தக் கட்டுரை முதன்முதலாகத் தெளிவாகக் காட்டியது. ரைலி-டே நோய் என்று அதற்குப் பெயர் நிலைத்தது.

அதன் காரணமான மரபணுப் பிழை 2001இல் கண்டறியப்பட்டது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களாகிய அஷ்கனாசிகளிடையே ஏறத்தாழ முப்பது பேரில் ஒருவர் அப்பிழையைச் சுமக்கிறார். தாய், தந்தை இருவரும் சுமப்பவராக அமைந்தால் மட்டுமே குழந்தைக்கு நோய் வரக்கூடும். நோயுற்றவர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரே பிழைதான் காணப்படுகிறது. என்றோ வாழ்ந்த ஒரே மூதாதையிடமிருந்து அது பரவியிருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

‘யூதர் நோய்’ என்று ஒன்று இருக்குமானால் அது மட்டாஞ்சேரி யூதத் தெருவிலும் இருந்திருக்க வேண்டும். 1568இல் எழுந்த பரதேசி யூதக் கோயிலைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் தமக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்டவை. மறைந்து கிடக்கும் மரபுப் பிழை வெளிப்படுவதற்கு இதைவிட வாய்ப்பான சூழல் அரிது. ஆனால் கொச்சி யூதரின் வேர்கள் வேறு நிலத்தவை. மலபார் யூதர் கொடுங்கல்லூர்க் காலத்திலிருந்தே இக்கரையில் வாழ்ந்தவர்கள். பரதேசிகளின் முன்னோர் பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்தும் போர்த்துகலிலிருந்தும், பின்னர் அலெப்போவிலிருந்தும் பாக்தாதிலிருந்தும் வந்தவர்கள். 2016இல் வெளியான மரபணு ஆய்வொன்று, கொச்சி யூதரின் உடலில் இந்திய மரபும் யூத மரபும் கலந்திருப்பதையும், அந்த யூத மரபு யேமன், ஸ்பானிய, மத்திய கிழக்கு யூதர்களோடு நெருங்கியிருப்பதையும் காட்டியது. ரைலி-டே நோயை விதைத்த மூதாதையோ கிழக்கு ஐரோப்பாவின் வழிவந்தவர். சமயமும் வேதமும் ஓய்வுநாளும் ஒன்றாக இருந்தாலும் மரபணுவுக்கு அவை தெரியா. அதற்குத் தெரிந்தது யார் யாருக்குப் பிறந்தார் என்பது மட்டுமே.

ஆகவே, மட்டாஞ்சேரியின் வரலாற்றில் தானியங்கு நரம்புகளைத் தேடுபவர் யூதத் தெருவைக் கடந்து வடக்கே போக வேண்டும். படகேறி வைப்பீன் தீவுக்குச் சென்று, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நடந்தால் தீவின் வடமுனையில் பள்ளிப்புறம் வரும். போர்த்துகீசியர் எழுப்பிய கோட்டை இன்றும் அங்கு நிற்கிறது. கொச்சியை 1663இல் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், அடுத்த நூற்றாண்டில் தொழுநோயாளிகளுக்கென ஓர் இல்லத்தை நடத்தியதும் அப்பள்ளிப்புறத்தில்தான். கோட்டைக்குள்ளும் நகரத்திலும் வாழ்ந்தவர்களில் நோய்க்குறி தென்பட்டவர்கள் அங்கு அனுப்பப்பட்டனர்.

அந்த இல்லத்தை டச்சு மொழி லாசரஸ் வீடு என்று அழைத்தது. போர்த்துகீசியத்திலும் லாசரோ என்றாலே தொழுநோயாளி. விவிலியத்தில் செல்வனின் வாயிலில் கிடந்த லாசரஸின் உடம்பெல்லாம் புண். நாய்கள் வந்து அவற்றை நக்கின. அப்புண்களிலிருந்தே ஐரோப்பிய மொழிகள் நோய்க்குப் பெயரெடுத்தன. வடமொழியில் குஷ்டம் என்னும் சொல்லை ‘பிய்த்தெடுப்பது’ என்ற பொருளுடைய வேரோடு உரைகாரர்கள் இணைக்கின்றனர். தமிழின் குட்டமும் மலையாளத்தின் குஷ்டமும் அதன் வழிவந்தவை. நாலடியார் தொழுநோய் என்ற சொல்லை ஆளும் இடத்தில் விரல்கள் அழுகிப்போவதைத்தான் காட்டுகிறது. எந்த மொழியை எடுத்தாலும் கண் முதலில் புண்ணின் மேல்தான் விழுந்திருக்கிறது. நோயோ புண்ணில் தொடங்குவதில்லை. பல நேரம் அது வியர்வை நின்றுபோன ஒரு சிறு தேமலில் தொடங்குகிறது.

தொழுநோய்க் கிருமி நரம்பை நாடும் கிருமி. நரம்பிழைகளைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களுக்குள் அது குடியேறுகிறது. உடலின் குளிர்ந்த பகுதிகளே அதற்கு உகந்தவை: தோல், காது மடல், மூக்கு, கை கால்களில் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள். மெல்லிய இழைகள் முன்னதாகச் சேதமடைகின்றன. சூட்டையும் வலியையும் உணர்த்துபவை அவற்றில் சில. வியர்வைச் சுரப்பியை இயக்குபவை வேறு சில. இரண்டாவது வகைதான் தானியங்கு நரம்பு. அது செத்தால் அந்தத் தேமல் மட்டும் வறண்டு, சுற்றிலும் உடல் வியர்க்கும்போதும் காய்ந்தே கிடக்கும். கொச்சியின் புழுக்கத்தில் இந்த வேறுபாடு வெறுங்கண்ணுக்கே தெரியும். இதே உண்மையை மருத்துவர்கள் சோதனையாக்கினர். பைலோகார்பின் என்னும் மருந்தைத் தோலில் செலுத்தி, மேலே அயோடினும் மாவும் தூவுவார்கள். வியர்வை பட்ட இடம் கருநீலமாகும். நரம்பு அழிந்த இடம் நிறம் மாறாது.

இந்த நுட்பம் நம் பழைய மருத்துவ நூல்களுக்கு முற்றிலும் தெரியாததன்று. சரக சம்ஹிதையின் நிதானப் பகுதி, குஷ்டம் முழுமையாகத் தோன்றுவதற்கு முன் வரும் அறிகுறிகளை வரிசைப்படுத்தும்போது வியர்வையின்மையையும் மிகு வியர்வையையும் முதலில் வைக்கிறது. பின்னர் தோலின் சொரசொரப்பு, நிறமாற்றம், மரத்துப்போதல், மயிர்க்கூச்செறிதல் ஆகியவற்றைச் சொல்கிறது. சுசுருதரின் பட்டியலும் இதற்கு நெருங்கியதே. குஷ்டம் என்ற தலைப்பின்கீழ் அந்நூல்கள் பதினெட்டு வகைத் தோல் நோய்களை அடக்கியதால், இவை அனைத்தும் இன்றைய தொழுநோயையே குறிக்கும் என்று வாதிட இயலாது. ஆயினும் புண் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே வியர்வையைக் கவனித்த கண் ஒன்று அங்கே இருந்திருக்கிறது.

அழகியலிலும் இதே கவனம் உண்டு. உள்ளத்தின் நிகழ்ச்சி தானாகவே உடலில் தெரியும் இடங்களைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் தேடிச் செல்கிறது. தலைவியின் நெற்றி வியர்ப்பது அங்கே ஒரு மெய்ப்பாடு. நாட்டிய சாத்திரம் கூறும் எட்டு சாத்விக பாவங்களில் வியர்வை, மயிர்க்கூச்சு, கண்ணீர், நிறம் மாறுதல் ஆகியன அடங்கும். நடிகன் பயின்று கொண்டுவரக் கூடியவை அல்ல என்பதாலேயே அவற்றுக்கு அந்த உயர்வு. லாங்லி 1898இல் கேம்பிரிட்ஜில் ‘தானியங்கு’ என்ற பெயரைச் சூட்டியதற்கு மிக முந்தியது இந்தப் பாகுபாடு. இலக்கணமும் கூத்தும் மதித்துப் போற்றிய அந்த உடல்மொழியைத்தான் தொழுநோய் தேமல் தேமலாக அழிக்கிறது.

இந்நோய் பிறப்பால் வருவதா, பிறரிடமிருந்து வருவதா என்ற கேள்விக்குச் சுசுருதர் ஒரே அத்தியாயத்தில் இரண்டு விடைகளையும் தருகிறார். பெற்றோரின் விந்தும் குருதியும் குஷ்டத்தால் கெட்டிருந்தால் பிள்ளையும் குஷ்டத்தோடு பிறக்கும் என்கிறார். சில பாடல்களுக்குப் பின், தொடுதல், மூச்சுக்காற்று, உடனுண்ணல், ஒரே படுக்கை, பிறர் அணிந்த ஆடை ஆகியவற்றால் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும் என்கிறார். நாலடியார் மூன்றாவது விடை ஒன்றை வைத்திருக்கிறது: முற்பிறப்பில் நண்டைப் பிடித்துக் காலை ஒடித்துத் தின்றவனுக்கே இப்பிறப்பில் விரல் அழுகும் நோய். இதையும் ஒரு வகை மரபுரிமை எனலாம். தந்தையிடமிருந்து வராமல் தன்னிடமிருந்தே தனக்கு வருவது. நோயாளிக்கு மூன்றில் மிகக் கொடியது இதுவே. தொற்று என்றால் யாரோ காரணம்; பிறப்பு என்றால் பெற்றோர் காரணம்; வினை என்றால் குற்றவாளி அவனே.

மருந்தைப் பற்றிச் சுசுருதர் சொல்வது மேற்குக் கரைக்கு மிக அருகில் வருகிறது. துவரகம் என்னும் மரத்தின் வித்திலிருந்து எண்ணெய் எடுக்கச் சொல்கிறார். அம்மரம் மேற்குக் கடலோர நிலங்களில் வளரும் என்றும், அலைகளோடு வரும் காற்றில் அதன் தளிர்கள் அசையும் என்றும் அடையாளம் தருகிறார். இதை மலையாளத்தின் மரோட்டி என்று அறிஞர்கள் பலர் கொள்கின்றனர். தமிழில் அது மரவட்டை. அதன் விதையைச் சித்த மருத்துவர்கள் நீரடிமுத்து என்பர். கேரளத்தில் மரோட்டிக் காயை இரண்டாக வெட்டி, ஓட்டையே அகலாக்கி விளக்கேற்றும் வழக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் புழு உண்பதும் இம்மரத்தின் இலையைத்தான். மலையாளிகள் அப்பூச்சியை மரோட்டிச் சலபம் என்கின்றனர். ஒரே பூச்சிக்கு ஒரு மொழி வீரனின் பெயரையும் மறு மொழி அதன் உணவின் பெயரையும் வைத்திருக்கிறது.

மரோட்டியை ஐரோப்பாவின் தாவரவியலுக்குள் கொண்டுசென்ற வழி மட்டாஞ்சேரியைத் தொட்டுச் செல்கிறது. டச்சுத் தளபதி வான் ரீடே 1670களில் கொச்சியில் இருந்தபோது தொகுப்பித்த ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதியிலேயே மரோட்டி இடம்பெறுகிறது, அதே மலையாளப் பெயரோடு. நூலின் அறிவுக்கு ஊற்றாக நின்றவர்கள் சேர்த்தலைப் பக்கத்துக் கடக்கரப்பள்ளியின் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், கொச்சியில் வாழ்ந்த கொங்கணிப் பிராமணர்களான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோரும். 1675இல் அவர்கள் தந்த சான்றுரைகள் அவரவர் மொழியிலும் எழுத்திலுமே நூலில் அச்சாகியுள்ளன. மட்டாஞ்சேரியின் செருளாயியில் கொங்கணிகளின் கோயிலும் குடியிருப்பும் இன்றும் உள்ளன. கே.எஸ். மணிலால் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டு அந்த லத்தீன் நூலை 2003இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும் வரை, இட்டி அச்சுதனின் பேரர்கள் தம் மூதாதையின் அறிவைப் படிக்க லத்தீன் கற்றிருக்க வேண்டும். காலனிய அறிவுச் சேகரிப்பில் இது வழக்கமான கொடுமைதான். வழக்கமானது என்பதால் கொடுமை குறைவதில்லை.

மரோட்டியின் உறவுமரமான சால்மூக்ராவின் எண்ணெயைக் கல்கத்தாவில் மௌவட் 1854இல் மேலை மருத்துவத்துக்கு அறிமுகம் செய்தார். அந்த எண்ணெயைக் குடித்தால் குமட்டும். ஊசியில் ஏற்றினால் தோலுக்கடியில் கட்டியாக நிற்கும். 1915ஐ ஒட்டி ஹவாயில் ஆலிஸ் பால் என்ற கறுப்பின இளம் வேதியியலாளர் அதை உடலில் கரையும் வடிவுக்கு மாற்றினார். 24 வயதில் அவர் இறந்தார், அவர் முறைக்கு வேறொருவர் தம் பெயரைச் சூட்டிக்கொண்டார். அடுத்த சில பத்தாண்டுகளுக்கு உலகத் தொழுநோய் மருத்துவம் இவ்வகை எண்ணெய்களை நம்பியிருந்தது. 1940களில் சல்ஃபோன் மருந்துகள் வந்தன. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் ராபர்ட் காக்ரேன் அவற்றைச் சோதித்தவர்களுள் முன்னோடி. மரோட்டி மீண்டும் விளக்குக்குத் திரும்பியது.

இதற்கிடையில் ‘பிறப்பா, தொற்றா’ என்ற வழக்கு ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்தது. நோர்வேயின் டானியல்சனும் போக்கும் 1847இல் இது குடும்பவழி வருவது என்று எழுதினர். லண்டன் அரச மருத்துவர் கல்லூரி 1867இல் இது தொற்றாது என்றது. டானியல்சனின் மருமகனான ஹான்சன் 1873இல் நோயாளிகளின் திசுக்களில் கிருமியைக் கண்டார். ஹவாயின் மொலோகாய் தீவில் நோயாளிகளுக்குப் பணிசெய்த பாதிரியார் டேமியன் அந்நோயாலேயே 1889இல் இறந்தபோது அச்சம் உலகெங்கும் பரவியது. 1890-91இல் இந்தியாவைச் சுற்றிவந்த தொழுநோய் ஆணையம், மரபு வழி வருவதற்குச் சான்றில்லை என்றும், தொற்றும் ஆற்றல் மிகக் குறைவு என்றும் முடிவு கூறியது. அம்முடிவுகள் இரண்டும் இன்றுவரை நிற்கின்றன. நெருங்கிப் பழகியவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. ஆயினும் யாருடைய உடல் கிருமிக்கு இடங்கொடுக்கும் என்பதில் மரபணுவுக்குப் பங்குண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. சுசுருதரின் இரண்டு விடைகளும், அவர் கருதாத விதத்தில், ஒருங்கே ஓரளவு தேறிவிட்டன.

ஆணையத்தின் அறிக்கை வந்தபின் 1898இல் இந்தியத் தொழுநோயாளர் சட்டம் இயற்றப்பட்டது. யாரைத் தொழுநோயாளி என்பது என்ற இடத்தில் அச்சட்டம் வைத்த அளவுகோல் கூர்ந்து நோக்கத் தக்கது: புண் தோன்றத் தொடங்கியவரே தொழுநோயாளி. அவர் பிச்சையெடுப்பவராக இருந்தால் பிடித்து இல்லத்தில் அடைக்கலாம். பிறர் உண்ணும் உணவைச் சமைத்து விற்கக் கூடாது, பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீரெடுக்கக் கூடாது என்றெல்லாம் விலக்குகளும் இருந்தன. லாசரஸின் புண் சட்ட மொழியிலும் இடம்பிடித்துவிட்டது. அன்று கோட்டைக் கொச்சி மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் மண். கூப்பிடு தூரத்தில் இருந்த மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் ஆட்சிப் பகுதி. பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம் தானாக எல்லை தாண்டாது. தெருவைக் கடந்தால் ஒருவர் எந்தச் சட்டத்தின் நோயாளி என்பதே மாறக்கூடிய ஊர் அது.

அந்த அளவுகோலில் இருந்த பிழையை வேலூர் உடைத்தது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் விரல்கள் ஏன் குறைகின்றன என்று ஆராய்ந்தார். கிருமி விரலைத் தின்கிறது, சதை தானே அழுகுகிறது என்பதே அதுவரை பொது நம்பிக்கை. உண்மையில் விரல்கள் காயத்தால் குறைந்தன. வலி தெரியாத கை சுடுபாத்திரத்தைப் பிடித்தது. திறவாத பூட்டில் சாவியைச் சதை கிழியத் திருகியது. உறங்கும்போது எலி கடித்ததும் தெரியவில்லை. இக்கதை பலரும் அறிந்தது. அதில் வியர்வைக்கு உள்ள பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஊறும் மெல்லிய ஈரமே தோலை இளக்கமாக வைத்திருப்பது. தானியங்கு நரம்பு இறந்த பாதம் வறண்டு, தடித்து, கோடைக்காலக் குளத்து மண்போல வெடிக்கிறது. வெடிப்பு வழியே அழுக்கும் சீழும் புகுகின்றன. வலியில்லாததால் அவர் அதன் மேலேயே நடக்கிறார். ஆழத்தில் எலும்பு கெடுகிறது. ஆக, சட்டம் குற்ற அடையாளமாகக் கொண்ட புண், பெரும்பாலும் நரம்பிழப்பின் விளைவு. அப்புண்ணோடு வந்தவரின் உடலில் கிருமி ஏறக்குறைய இல்லாமலே இருக்கலாம். தோலில் புண்ணேதுமின்றி மூச்சு வழியே கிருமியைப் பரப்புபவர் சந்தையில் சுதந்திரமாக நடக்கலாம். அடைக்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர், தொற்று நிலை கடந்த பின் வெறும் காலடி வெடிப்புக்காக ஆயுள் முழுவதும் அடைபட்டுக் கிடந்தனர் என்பதே இதன் பொருள்.

பொதுமக்கள் மனத்தில் வேலூரைவிடத் திரையரங்கு வலிமையானது. 1954இல் வந்த ‘ரத்தக்கண்ணீர்’ படத்தில் எம்.ஆர். ராதா காட்டிய தொழுநோயாளி, ஒழுக்கக்கேட்டின் கூலியைப் பெற்றவன். நாலடியாரின் நண்டு அங்கே தாசி வீடாக மாறியிருந்தது, அவ்வளவே. ராதாவின் நடிப்புக்கு இணையில்லை. அதனாலேயே அப்படம் செய்த தீங்கும் பெரிது. மலையாளத்தில் தோப்பில் பாசியின் ‘அசுவமேதம்’ நாடகமும் 1967இல் வெளிவந்த அதன் திரைவடிவமும் எதிர்த் திசையில் நடந்தன. நோய் குணமான பெண்ணுக்கு வீடு திரும்ப வழியில்லை என்பதே அதன் வழக்கு. அந்நாடகத்தின் பெயரையே கேரள அரசு, வீடு வீடாகச் சென்று தேமலைத் தேடும் தன் இயக்கத்துக்குப் பின்னாளில் சூட்டிக்கொண்டது.

1980களின் தொடக்கத்தில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. ஆறு மாதமோ ஓராண்டோ மருந்துண்டால் கிருமி ஒழியும். தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே நோய் குறைந்துவிட்டதாக இந்தியா 2005 டிசம்பரில் அறிவித்தது. ஆயினும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் புதிய நோயாளிகள் இந்நாட்டில் கண்டறியப்படுகின்றனர். உலகக் கணக்கில் பாதிக்கு மேல் அது. 1898இன் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. மணமுறிவுக்குத் தொழுநோய் ஒரு காரணம் என்ற விதியைத் தனிநபர்ச் சட்டங்களிலிருந்து அகற்ற 2019 வரை ஆயிற்று.

மருந்து கிருமியைக் கொல்லும். செத்த நரம்பை எழுப்பாது. வியர்வை திரும்பாத பாதத்துக்குக் காரிகிரி போன்ற நிலையங்கள் கற்றுத்தந்த வைத்தியம் எளியது. நாள்தோறும் இருபது நிமிடம் வாளித் தண்ணீரில் கால்களை ஊறவைப்பது, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லில் தேய்ப்பது, ஈரம் உலரும் முன் எண்ணெய் தடவி அதை உள்ளேயே பூட்டுவது, கண்ணால் பார்த்துப் பார்த்துக் காயம் தேடுவது. காலுக்கு மென்மையான நுண்ணறை ரப்பர் பதித்த செருப்பு. தொழுநோயாளிகளுக்கென்று இந்தியாவில் செய்யப்பட்ட அச்செருப்பு இன்று பெரும்பாலும் விற்பனையாவது சர்க்கரை நோயாளிகளுக்கு. தானியங்கு நரம்புகளை இடையில் பழுதாக்கும் காரணங்களில் இன்று சர்க்கரை நோயே பரவலானது. நாட்டிலேயே அது மிகுந்துள்ள மாநிலங்களில் கேரளமும் ஒன்று. அங்கும் பாதம் முதலில் வறள்கிறது, பின்பு வெடிக்கிறது. மருந்துக் கடைகளில் எம்.சி.ஆர். செருப்பைக் கேட்டு வாங்குபவர்களில் பலர் அந்த மூன்றெழுத்துகள் எந்த இல்லங்களிலிருந்து வந்தவை என்று அறியாமலே அதை மாட்டிக்கொண்டு நடந்து செல்கின்றனர்.